கம்பிக்குள் நீண்ட கை

இந்தப் பக்கம் உட்காருங்கள் அக்கா. அந்த ஃபேனுக்கு நேர் கீழே வேண்டாம், அது ஆடுகிற ஆட்டம் எனக்குப் பிடிக்கவில்லை. வந்ததுமே நர்ஸிடம் சொன்னேன். "நான் வேலைக்குச் சேந்ததுலேருந்து அப்படித்தாம்மா ஆடுது" என்கிறாள். அப்படியென்றால் விழும் நாள் நெருங்கிவிட்டது என்றுதானே அர்த்தம்? யாருக்குப் புரிகிறது.

உங்கள் பையனுக்கு ஊசியா? என்னுடையது பெண். ரெனி. இல்லை இல்லை, உடம்புக்கு ஒன்றுமில்லை. நேற்று இரண்டு முறை தும்மினாள். அதனால் காட்டிவிட்டுப் போகலாம் என்று வந்தேன்.

ரெனி அப்பா என்ன வேலை செய்கிறார் என்று கேட்டீர்கள். அதை ஒரு வார்த்தையில் சொல்ல முடியாது அக்கா. அதற்கு அந்த மெஷின் கதையைச் சொல்ல வேண்டும். மெஷின் கதையைச் சொன்னால் அந்தக் கோயம்புத்தூர்ப் பெண் செய்ததைச் சொல்ல வேண்டும். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. டாக்டர் வர நேரமாகும் போலிருக்கிறது. நீங்களே கேட்டுவிட்டு நியாயம் சொல்லுங்கள்.

ரெனி அப்பா மேலப்புதூரில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் டிசைனராக இருந்தார். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அவர் கைதான். திருச்சியில் பாதிப் பேரின் முகத்தை அவர்தான் வெளுப்பாக்கியிருக்கிறார். ஒருநாள் கடைக்காரர் கடையை மூடிவிட்டு மகன் வீட்டுக்கு ஓசூர் போய்விட்டார். இவர் வீட்டில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் சும்மா உட்காரவில்லை, யோசித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆண்கள் வீட்டில் உட்கார்ந்து யோசித்தால் ஏதாவது ஒரு பார்சல் வந்து இறங்கும். எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கியது மரம் செதுக்குகிற மெஷின்.

சி.என்.சி. என்பார்கள். தொழிற்சாலையில் இருப்பது ரூம் அளவு இருக்குமாம். இது வீட்டில் ஆசைக்கு வைத்துக்கொள்கிறவர்களுக்காகச் செய்தது, தையல் மெஷின் அளவுதான். கம்ப்யூட்டரில் எழுத்தை வரைந்து கொடுத்தால், இது ஒரு பிட்டைச் சுற்றிச் சுற்றி ஓட்டி அதே எழுத்தை மரத்தில் தோண்டிக் கொடுக்கும். பெயர்ப் பலகை, வாசல் பலகை, ஜெப வசனம், எது வேண்டுமானாலும். எடமலைப்பட்டிப்புதூரில் ஒரு பில்டர் இவருக்குப் பழக்கம். "தம்பி, ஒரு பலகை சாம்பிள் கொண்டா. எனக்குப் புடிச்சிருந்தா அந்த அபார்ட்மெண்ட்ல அத்தன வாசலுக்கும் நீதான்" என்று சொல்லியிருந்தார். ஒரே ஒரு பலகை அக்கா. அதைச் செய்து காட்டினால் போதும்.

பிட் என்று சொன்னேன் இல்லையா, அது பென்சில் முனை மாதிரி இருக்கும். மரத்தையே தோண்டுகிறது என்றால் விரல் எம்மாத்திரம். ரெனி அப்போதுதான் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்திருந்தாள். பார்சலைப் பிரித்த அன்றே நான் அந்தப் பிட்டைக் கழற்றி பீரோ லாக்கரில் என் தாலிச் செயினோடு வைத்துப் பூட்டிவிட்டேன். "அது இல்லாம மெஷின் எதுக்கு ஜெசி?" என்றார். "கனெக்ட் ஆகட்டும், அப்புறம் எடுத்துக்கலாம்" என்றேன். நியாயம்தானே? கனெக்ட் ஆகாத மெஷினுக்குப் பிட் எதற்கு?

நான் இப்படி இருப்பதற்குக் காரணம் இருக்கிறது அக்கா. இவள் நாள் ஆகுமுன்னே பிறந்துவிட்டாள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். நான் வெளியே நின்று பார்க்கலாம், தொடக்கூடாது. வயிறு முழுக்க வயர். ஒரு சத்தம் அடிக்கும், நர்ஸ் ஓடிவருவாள், இன்னொரு சத்தம் அடிக்கும், வரமாட்டாள். எதற்கு வரவேண்டும், எதற்கு வரவேண்டாம் என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொரு சத்தத்துக்கும் நான் செத்துப் பிழைத்தேன். வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்த பிறகும் அந்தச் சத்தம் காதுக்குள் இருக்கிறது. சரி, அதை விடுங்கள்.

மெஷின் வந்ததும் ஃபாதரைக் கூப்பிட்டு மந்திரிக்கச் சொன்னேன். புது வண்டிக்குச் செய்கிறோம், மெஷினுக்குச் செய்யக்கூடாதா? ஆனால் கரண்ட் சாமான் இல்லையா, தீர்த்தம் பட்டு ஷாக் அடித்தால்? ஒரு பிளாஸ்டிக் ஷீட்டைப் போர்த்தி வைத்தேன். ஃபாதர் தெளித்தார். தெளித்துவிட்டு, "என்னம்மா ஜெசிந்தா, ஆசீர்வாதத்துக்கும் ரெயின்கோட்டா?" என்றார். ரெனி அப்பா ஒரே சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாதுகாப்பு என்றால் இந்த வீட்டில் எல்லாருக்கும் சிரிப்பு.

அப்புறம் கனெக்ஷன் கொடுத்தோம். மெஷினில் பச்சை விளக்கு எரிகிறது. வயரை லேப்டாப்பில் சொருகியாயிற்று. சாஃப்ட்வேரைத் திறந்தால் மேலே சிவப்பு எழுத்தில் 'நாட் கனெக்டட்'. எடுத்துச் சொருகினோம். நாட் கனெக்டட். அந்தப் பக்க ஓட்டையில் சொருகினோம். நாட் கனெக்டட். ரெனி அப்பா டிசைன் போடுவதில் கெட்டிக்காரர், ஆனால் கம்ப்யூட்டர் இங்கிலீஷில் ஏதாவது கேட்டுவிட்டால் போதும், "ஜெசி, இங்க வா" என்பார். நான் பொன்மலைப்பட்டியில் கான்வென்ட்டில் படித்தவள் இல்லையா. கம்ப்யூட்டர் லேப் எங்களுக்கு ஒரு கோயில் மாதிரி. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். சிஸ்டர் அனஸ்தாசியா பின்னால் நின்றுகொண்டே இருப்பார்கள். "படிக்காமல் எதையும் அமுக்காதே, கேர்ள்ஸ்! தெரியாத எதற்கும் யெஸ் சொல்லாதே!" அந்தக் குரல் எனக்குள் ஊறிவிட்டது. ஆகவே மெஷின் பக்கம் அவர், கம்ப்யூட்டர் பக்கம் நான். அப்படிப் பிரித்துக்கொண்டோம்.

கம்பெனி கோயம்புத்தூரில். ஹெல்ப்லைனுக்குப் போன் போட்டால் முதலில் ஒரு பாட்டு, பிறகு ஒரு தம்பி.

"மேடம், டிரைவர் போட்டீங்களா?"

டிரைவர் என்றால் வேறொன்றுமில்லை, கம்ப்யூட்டருக்கு மெஷினை அறிமுகப்படுத்தி வைக்கிற ஒரு சின்ன சாஃப்ட்வேர். அதைப் போட்டால்தான் இது அதை அடையாளம் கண்டுகொள்ளும். அவன் லிங்க் அனுப்பினான். நான் இறக்கினேன். மெஷினோடு வந்த புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு படி விடாமல் செய்தேன் அக்கா. ஃபைலை இரண்டு தட்டு தட்டினால் ஸ்கிரீன் மொத்தமும் இருட்டாகும். நடுவில் மஞ்சள் பட்டையோடு ஒரு பெட்டி வரும். அன்நோன் பப்ளிஷராம். உங்கள் கம்ப்யூட்டரில் மாற்றங்கள் செய்ய இவரை அனுமதிக்கிறீர்களா என்று கேட்கும். யார் என்றே தெரியாதவன் வந்து உள்ளே மாற்றம் செய்யட்டுமா என்கிறான்! ரெனி கண்ணாடிப் பெட்டியில் இருந்த நாளிலிருந்து எடுத்த போட்டோ அத்தனையும் அந்த லேப்டாப்பில்தான் இருக்கிறது. நான் 'நோ' கொடுத்துவிடுவேன். கொடுத்ததும் பெட்டி மரியாதையாகப் போய்விடும். பிறகு புத்தகத்தில் சொன்னபடி லேப்டாப்பை ஒருமுறை அணைத்துப் போடுவேன்.

"போட்டாச்சு தம்பி."

"ரீஸ்டார்ட் மேடம்?"

"அதுவும் பண்ணியாச்சு."

"இப்ப லிஸ்ட்ல மெஷின் காட்டுதா?"

"காட்டல."

"அப்ப வயர்லதான் மேடம் பிரச்சன."

வயர் அனுப்பினார்கள். புது வயர், நாட் கனெக்டட். திரும்ப டிரைவர் போடச் சொன்னான், திரும்பப் போட்டேன், அதே பெட்டி, அதே நோ. "அப்ப போர்டுலதான் மேடம்" என்றான். உள்ளே இருக்கிற போர்டையே மாற்றி அனுப்பினார்கள். ரெனி அப்பா உட்கார்ந்து ஒவ்வொரு ஸ்குரூவாகக் கழற்றி மாட்டினார். நாட் கனெக்டட். "அப்ப உங்க லேப்டாப்புதான் மேடம்" என்றான். என் தம்பியுடைய லேப்டாப்பைக் கெஞ்சி வாங்கிவந்து, ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் போட்டேன். அடுத்தவர் பொருள் இல்லையா, இன்னும் கவனமாக நோ கொடுத்தேன். அதிலும் நாட் கனெக்டட்.

சோறு வடிக்கும்போது, துணி காயப்போடும்போது, எந்நேரமும் கண்ணுக்குள் அந்தச் சிவப்பு எழுத்து. அவனுக்குப் போன் போட்டுக் கத்துவேன். அவன் கடைசிவரை "ஓகே மேடம், ஓகே மேடம்" என்பான். அந்த ஓகேயைக் கேட்டால் இன்னும் எரியும். இத்தனைக்கும் ரெனி அப்பா ஒருநாள்கூட என்மேல் கோபப்படவில்லை. ஒரே ஒரு தடவை மட்டும், மெஷினைத் துடைத்துக்கொண்டே, "இதுக்கும் உன்ன மாதிரிதான் போல ஜெசி, புது ஆளுன்னா ஆவாது" என்றார். மனுஷனுக்கு அந்தக் கஷ்டத்திலும் ஒரு தமாஷ். எனக்கு என்ன அர்த்தம் என்று புரியவில்லை. சும்மா சிரித்துவைத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் கிளெமெண்ட் அத்தான் போன் செய்தார். ரெனி அப்பாவுக்குப் பெரியம்மா மகன், தோஹாவில் இருக்கிறார். அங்கே ஒரு பிரிண்டிங் பிரஸ்ஸில் டிசைனர் வேண்டுமாம், இவர் வேலையைக் காட்டினாராம், உடனே சரி என்றுவிட்டார்களாம். கண்டோன்மென்ட்டில் ஏஜெண்ட். பாஸ்போர்ட்டைக் கொடுத்தாயிற்று. சனிக்கிழமை மூன்று மணிக்குள் ஒப்பந்தத்தில் கையெழுத்து. இல்லையென்றால் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

"மெஷின் ஓடிச்சுன்னா நான் எதுக்குப் போறேன்? பில்டர் வேலையே வருஷம் பூரா இருக்கும்" என்றார். "ஓடலன்னா என்ன பண்ணச் சொல்ற? நீயே சொல்லு."

என்ன சொல்வேன் அக்கா? என் அப்பா மஸ்கட்டில் இருந்தவர். அந்தக் காசில்தான் என்னைக் கான்வென்ட்டில் படிக்க வைத்தார்கள். ஒருமுறை லீவில் வந்தவர் காலையில் பல் விளக்கிக்கொண்டு முற்றத்தில் நிற்கிறார். நான் யூனிஃபார்ம் போட்டு வெளியே வந்தேன். பார்த்தேன். கையைக் கட்டிக்கொண்டு, "குட் மார்னிங் அங்கிள்" என்றேன். சிஸ்டர்கள் சொல்லிக்கொடுத்த மரியாதை. அவர் வாயில் நுரையோடு என்னையே பார்த்தார். "குட் மார்னிங்மா" என்று பதில் சொன்னார். அவ்வளவுதான். அம்மாகூட அப்போது சிரித்தாள். அதற்கடுத்த லீவுக்கு அவர் உயிரோடு திரும்பி வரவில்லை, அங்கேயே நெஞ்சுவலி.

ரெனி இவரைப் பார்த்து அங்கிள் என்று சொல்லக்கூடாது. எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். அதற்காகத்தான் அந்த மெஷினோடு அந்தப் பாடுபட்டேன். நான் மட்டும்தான் பாடுபட்டேன் என்றும் சொல்லலாம்.

கடைசியில் ஹெல்ப்லைன் தம்பியிடம் அழுதேவிட்டேன். அவன் பயந்துபோய், "மேடம் மேடம், சனிக்கிழம நேர்லயே ஆள் அனுப்பறேன்" என்றான். சனிக்கிழமை இவர் மதியமே ஏஜெண்ட் ஆபீஸுக்குக் கிளம்பிவிட்டார். அங்கே வரிசையில் நிற்கவேண்டும். "ஆள் வந்தா பாரு. கனெக்ட் ஆச்சுன்னா மூணு மணிக்குள்ள ஒரு போன் போடு. வரலன்னா நான் கையெழுத்து போட்டுடுவேன்" என்று சொல்லிவிட்டு, ரெனியின் உள்ளங்காலில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டுப் போனார்.

எங்களுடையது மாடிப் போர்ஷன். படி ஏறினதும் கம்பிக் கதவு, அதற்குள் ஹால். கொஞ்ச நேரத்தில் யாரோ படியேறுகிற சத்தம். எட்டிப் பார்த்தேன். ஒரு பெண். இருபத்தைந்து வயது இருக்கலாம். ஆம்பளைச் சட்டை, முதுகில் பை.

"ததேயு சார் வீடுதானே? மெஷின் பாக்க வந்திருக்கேன் மேடம். கோகிலவாணி."

நான் ஓர் ஆம்பளை வருவார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆம்பளை வந்தால் கதவைத் திறக்கக் கூடாது என்று முடிவு பண்ணி வைத்திருந்தேன். பெண் வந்தால் என்ன செய்வது என்று முடிவு பண்ணவில்லை. இந்தக் காலத்தில் பெண்களை முன்னால் அனுப்பித்தான் எல்லாம் நடக்கிறது. பேப்பரில் படிக்கிறோம் இல்லையா.

"ஐ.டி. கார்டு இருக்கா?"

கம்பி வழியாக நீட்டினாள். போட்டோவில் இரட்டைப் பின்னல். நேரில் கழுத்தளவு கிராப்.

"இது நீங்க இல்லையே."

"முடி வெட்டிக்கிட்டேன் மேடம்."

"எப்ப?"

"எப்ப வெட்டுனா என்ன மேடம்? காலைல பஸ் ஏறினவ நான். கதவத் தொறங்க, ஒரு பாத்ரூம் போகணும்."

"கீழ் வீட்டுல வயசானவங்க இருக்காங்க, நல்லவங்க, அங்க போய்க்குங்க."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு இறங்கிப் போய்விட்டு வந்தாள். அதற்குள் நான் ஹெல்ப்லைனுக்குப் போட்டேன். பாட்டு. இவருக்குப் போட்டேன்.

"ஒரு பொம்பளப் புள்ள வந்திருக்குங்க."

"உள்ள விடு ஜெசி."

"நீங்க வந்ததும் விடறேனே."

"நான் இங்கேர்ந்து எப்படி வர்றது? எனக்கு முன்னாடி நாலஞ்சு பேர்தான் இருக்காங்க. மணி ரெண்டே கால் ஆவுது!"

போனை வைத்துவிட்டேன். ரெனி இடுப்பில். திறந்தால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனாலும் பூட்டில் சாவியை வைத்தால் சாவி திரும்பவில்லை. சாவியில் கோளாறா, கையில் கோளாறா, தெரியாது. ஆகவே நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். மெஷின் வைத்திருக்கிற சின்ன டேபிளை ஒரு கையால் இழுத்துக்கொண்டு வந்து கம்பிக் கதவுக்கு ஒட்டினமாதிரி போட்டேன். ஹால் பிளக்கை விட்டுவிட்டு வாசல் பிளக்கில் கரண்ட் கொடுத்தேன். லேப்டாப்பை அவள் பக்கம் பார்க்கிற மாதிரி வைத்தேன்.

"அங்கேர்ந்தே சொல்லுங்க. நான் இங்க செய்யறேன்."

"ஜெயில்ல கைதியப் பாக்கற மாதிரி இருக்கு மேடம்."

"தப்பா எடுத்துக்காதீங்க. டீ தரேன்."

"டீ கம்பிக்குள்ள வருமா?"

வந்தது. டம்ளரைச் சாய்த்துக் கொடுத்தேன். குடித்தாள். படியிலேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டாள். வயர் சரி. போர்டு சரி. விளக்கு சரி. எல்லாம் சரிதானே, நான் அதைத்தானே இத்தனை நாளாகச் சொல்கிறேன்.

"டிரைவர் போட்டீங்களா?"

எனக்கு வந்த கோபத்தைக் கேட்காதீர்கள். "எத்தன தடவம்மா போடுவேன்? ரெண்டு லேப்டாப்ல போட்டேன். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் போடுவேன்!"

"சரி, கோச்சுக்காதீங்க. இப்ப ஒருக்கா எனக்காகப் போட்டுக் காட்டுங்க."

காட்டினேன். ஃபைலைத் தட்டினேன். ஸ்கிரீன் இருண்டது. மஞ்சள் பட்டை. நோ. பெட்டி போயிற்று. "ஆச்சு" என்றேன்.

அந்தப் பெண் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"மேடம். இப்ப என்ன அமுக்குனீங்க?"

"நோ."

"ஏன்?"

"அன்நோன் பப்ளிஷர்னு போட்டிருக்கே, படிக்கலயா நீங்க?"

"அந்த அன்நோன் நாங்கதான் மேடம்! எங்க கம்பெனிதான்!"

"அப்படின்னு நீங்க சொல்றீங்க. உங்களையே எனக்குத் தெரியாதே."

"எப்பவுமே இப்படித்தான் நோ குடுப்பீங்களா?"

"ஒரு தடவகூடத் தவறினதில்ல" என்றேன். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன். ஏன் சொல்லக்கூடாது?

அவள் நெற்றியைக் கம்பியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டாள். ஜெபம் பண்ணுகிறாளோ என்று நினைத்தேன். ரெனி அவள் முடியைப் பிடிக்கப் போனாள். நான் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

"மேடம், இன்னொரு தடவ தட்டுங்க. அது கேக்கும்போது யெஸ் குடுங்க."

"அவர் வரட்டும்."

"அவர் எப்ப வருவார்?"

"கையெழுத்து போட்டுட்டு வருவார்."

"மேடம், சாயந்திரம் கரூர்ல இன்னொரு வீட்டுக்கு மெஷின் பாக்கப் போகணும். நீங்க தட்டுங்க, போதும்."

மணி பார்த்தேன். மூன்றுக்குக் கொஞ்சம்தான் இருந்தது. தட்டினேன். இருட்டு. மஞ்சள் பெட்டி. என் விரல் நோ பக்கம் போகவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். யெஸ் பக்கமும் போகவில்லை. நடுவிலேயே நின்றது. அதைப் பார்த்துக்கொண்டே நிற்கிறேன். ரெனியின் போட்டோக்கள், ஆஸ்பத்திரிப் பெட்டி, அந்தச் சத்தம், முற்றத்தில் நுரையோடு நின்ற என் அப்பா, எல்லாம் ஒன்றாக வந்து நிற்கிறது. எவ்வளவு நேரம் நின்றேனோ.

அப்போதுதான் அக்கா, அவள் கையை உள்ளே விட்டாள்.

கம்பிக்குள்! என் வீட்டுக் கம்பிக்குள்! கேட்கவில்லை, சொல்லவில்லை. முழங்கை வரை விட்டு, இடது அம்புக்குறியில் ஒரு தட்டு, என்டரில் ஒரு தட்டு. கண்மூடித் திறப்பதற்குள்.

"என்ன பண்றீங்க! யாரக் கேட்டுத் தொட்டீங்க!"

"யாரையும் கேக்கல மேடம். கேட்டா விடியாது."

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரிக்கிற விஷயமா இது? இன்று லேப்டாப்பில் கை வைத்தவள் நாளைக்குக் குழந்தைமேல் வைக்கமாட்டாள் என்று என்ன நிச்சயம்? நான் கத்தின கத்தில் கீழ் வீட்டம்மா படி வரைக்கும் வந்துவிட்டார்கள். அவளோ நான் ஒருத்தி கத்துவதாகவே காட்டிக்கொள்ளவில்லை. கையை எடுக்காமல் இன்னும் ஏதேதோ தட்டிக்கொண்டிருந்தாள். சிவப்பு எழுத்து போயிற்று. பச்சையில் ஒரு எழுத்து வந்தது. இன்னொரு தட்டு. மெஷின் உறுமிக்கொண்டு அந்தக் கோடிக்குப் போய், அங்கே ஒரு நொடி நின்று, இந்தக் கோடிக்கு வந்தது.

ரெனி கையைத் தட்டினாள். அவளை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டேன்.

கனெக்ட் ஆகிவிட்டது. சொல்லிவிடுகிறேன் அக்கா, இது அந்த யெஸ்ஸால் ஆனது என்று எனக்கு இன்றுவரை நம்பிக்கை இல்லை. டேபிளை நகர்த்தி வேறு பிளக்கில் கொடுத்தேன் இல்லையா? ஹால் பிளக்கில் எர்த் சரியில்லாமல் இருந்திருக்கும். அதை அவளிடமும் சொன்னேன். "இருக்கலாம் மேடம்" என்றாள். பையை மாட்டிக்கொண்டாள். கீழ் வீட்டம்மாவைப் பார்த்து, "பாட்டி, உங்க பாத்ரூமுக்கு ரொம்ப நன்றி" என்றாள். எனக்கு நன்றி சொல்லவில்லை. டீ கொடுத்தவள் நான்.

அவள் படி இறங்குகிற சத்தம் கேட்கும்போதே இவருக்குப் போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. திரும்பப் போட்டேன். மூன்றாவது தடவை எடுத்தார். பின்னால் ஒரே சத்தம், யாரோ பேர் கூப்பிடுகிறார்கள்.

"சொல்லு ஜெசி. என் பேர்தான் கூப்டுறாங்க."

"ஏங்க, ஓடுதுங்க! கனெக்ட் ஆயிடுச்சு! அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் போகுது!"

பின்னால் யாரோ மறுபடியும் அவர் பேரைக் கூப்பிட்டார்கள்.

"கேக்குதா? போட்டுட்டீங்களா கையெழுத்து?"

"இன்னும் போடல. பேனா கையில இருக்கு." அப்புறம் ஒரு மாதிரிக் குரலில் கேட்டார். "கனெக்ட் ஆச்சு, சரி. பிட்ட மாட்டி ஓட விடுவியா ஜெசி? ரெனி வீட்டுல இருக்கும்போது, பகல்ல, தெனமும்? இல்ல, அப்பவும் வேணாம்னு சொல்லுவியா?"

பாருங்கள் அக்கா, இப்படி ஒரு கேள்வி. எனக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை நாளும் ராப்பகலாக அந்த மெஷினுக்காக நாயாய் அலைந்தவள் நான். வயருக்காக, போர்டுக்காக, தம்பி லேப்டாப்புக்காக.

"நான் எப்பங்க வேணாம்னு சொல்லியிருக்கேன்?" என்றேன்.

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு ஆரம்பித்தது. சும்மாச் சிரிப்பு இல்லை, மூச்சு முட்டி, இருமல் வந்து, யாரோ "என்ன சார் ஆச்சு, தண்ணி வேணுமா" என்று கேட்கிற அளவுக்கு. அத்தனை மாதத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் கேட்கவில்லை. இதில் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டேன். போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு அவர் வேறு யாரிடமோ பேசுவதுதான் கேட்டது.

"அண்ணே, தப்பா நெனச்சுக்காதீங்க. என் பாஸ்போர்ட்ட எடுத்துக் குடுத்துடுங்க."